கருவாட்டுக்கு உப்பு போட்டுச் சாப்பிட்டவர்

கடலுக்குப் போகிறவர்களின் எச்சில் உப்புக் கரிக்கும் என்று நான் நம்பினேன். சின்ன வயதில் இல்லை. பல் மருத்துவம் படித்து முடித்து, காரைக்காலில் சொந்தமாக க்ளினிக் போட்டு, வாசலில் என் பெயரைப் பெரிய எழுத்தில் மாட்டிய பிறகு நம்பினேன். உப்புக் காற்று நாளெல்லாம் வாய்க்குள் போகிறது, எச்சிலில் கொஞ்சமாவது தங்காதா என்பது என் விஞ்ஞானம். மனசுக்குள் வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு நோயாளியிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் மனைவியும் கேட்டுக்கொண்டு நின்றார்.

கழுத்தெலும்பு தேய்ந்துபோய், அறுபது வருவதற்கு ரொம்ப முன்னாலேயே தொழிலை விட்டவன் நான். அடுத்தவர் வாயைக் கோணலாக நின்று பார்த்தே காலம் போனதற்குக் கிடைத்த பரிசு. புதிதாக க்ளினிக் திறக்கிற நீங்கள் வந்து, "ஏதாவது அனுபவம் சொல்லுங்க சார்" என்கிறீர்கள். பல் பிடுங்குவதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என்னைவிட நன்றாகப் பிடுங்குகிறீர்கள். பயப்படுவதைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

சுனாமி வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். மே மாதம். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், எல்லாம் கரையில் நின்றன. அப்போதுதான் மதியழகன் வந்தார். பட்டினச்சேரிக்காரர், விசைப்படகு டிரைவர், முப்பத்தைந்து வயது இருக்கும். கூட அவர் மனைவி தவமணி. கோட்டுச்சேரி வரைக்கும் பஸ்ஸில் மீன் கொண்டுபோய் விற்கிறவர். ஊரெல்லாம் வாடிக்கை. பேச யாரிடமும் தயங்க மாட்டார்.

"பல்லு வலிங்க" என்றார் மதியழகன்.

"பல்லு மட்டும் இல்லங்க" என்றார் தவமணி. "ஆளே சரியில்ல. சோறு எறங்கல. எந்திரிச்சு நின்னா கண்ணு இருட்டுதுங்கறாரு. கூட வேலை பாக்கறவங்க எல்லாம், என்னப்பா கரையிலயே தள்ளாடுற, விடியறப்பவே ஆரம்பிச்சிட்டியான்னு கேலி பண்றாங்க. இவரு அதைத் தொட்டதே இல்லங்க."

"பல்லுக்கு வந்தா பல்ல மட்டும் சொல்லு."

"எச்சியும் உப்பு கரிக்குது. அது வாய்தான? பல்லு டாக்டருகிட்ட சொல்லலாம்ல?"

எச்சில் கரிக்கிறது என்று புகார் செய்தது அவர் இல்லை, அவர் மனைவி. அது மனைவிக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. தவமணி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். மதியழகன் கூரையைப் பார்த்தார். என் உதவியாளர் ஜெசிந்தா, ஏற்கனவே துடைத்த தட்டை இன்னொரு முறை துடைத்தார்.

அந்தச் சங்கடத்தை ஒரு நகைச்சுவையால் தீர்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு எப்போதும் தோன்றுவது அதுதான்.

"கடல்லயே கெடக்கறவரும்மா. எச்சி உப்பாத்தான் இருக்கும். கொழம்புக்கு உப்பு வாங்குற செலவு மிச்சம்."

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன். வாயைத் திறக்கச் சொன்னேன். வலது பக்கம் கீழே கடைவாய்ப்பல் சொத்தை, சுற்றி வீக்கம். கன்னத்தின் உட்பக்கத்திலும் ஈறிலும் திட்டுத் திட்டாகக் கறுப்பு, மை சிந்தியதைப்போல.

"வெத்தலை போடுவீங்களா?"

"இல்லங்க."

"பொகையிலை?"

"இல்லங்க."

எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீக்கம் வடிய மாத்திரை எழுதிக் கொடுத்து, அப்புறம் வந்தால் பிடுங்கிவிடலாம் என்று அனுப்பிவைத்தேன்.

திரும்பி வந்தபோது ஆள் இன்னும் வாடியிருந்தார். மாத்திரை போட்டதிலிருந்து வாந்தி என்றார் தவமணி. இன்னும் ரெண்டு நாள் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன்.

"நாளான்னிக்குக் கடல் தொறக்குதுங்க" என்றார் மதியழகன். "படகு எறங்கணும். நான் இல்லன்னா மொதலாளி வேற டிரைவரைப் போட்டுடுவாரு. ஒரு தடவை கை மாறிச்சின்னா அந்த வருசம் போனதுதான். கடல்ல போயி பல்லு வலிச்சா நான் யாருகிட்டங்க போவேன்? இன்னிக்கே புடுங்கிடுங்க."

நியாயமாகப் பட்டது. அவசரம் அவருடையது, கைகள் என்னுடையவை. ரத்த அழுத்தம் பார்க்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டேன். பல் வெண்ணெயிலிருந்து உருவியதுபோல வந்தது. அப்படி வருகிற நாளில்தான் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

துப்புவதற்குக் குனிந்தவர், குனிந்தவாறே சரிந்தார்.

பல் பிடுங்கி மயங்குகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் கண் திறந்து, "என்ன ஆச்சு?" என்பார்கள். நானும் படுக்கவைத்தேன். ஜெசிந்தா காலைத் தூக்கிப் பிடித்தார். மதியழகன் கண் திறக்கவில்லை. உடம்பு ஜில்லென்று நனைந்திருந்தது. உதடு சாம்பல் பூத்திருந்தது.

மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். தடதடவென்று அடித்தது. நல்ல பலமான நாடி, நூற்று நாற்பதுக்கு மேல் ஓடுகிறது என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

"சார், கட்டைவிரலால பிடிச்சிருக்கீங்க" என்றார் அவர். "அது உங்க நாடி."

விரலை மாற்றி வைத்துப் பார்த்தேன். நூல் மாதிரி ஒன்று இருந்தது. ரத்த அழுத்தக் கருவியில் முள் எங்கோ கீழே போய் ஒரு முறை துடித்துவிட்டு நின்றது.

என் மண்டைக்குள் ஒரே ஒரு வார்த்தைதான் ஓடியது: ஒவ்வாமை. மரத்துப்போகும் ஊசி ஒத்துக்கொள்ளாமல் நோயாளி நாற்காலியிலேயே போய்விடுவார் என்பது படிக்கும் காலத்திலிருந்து நான் தூக்கத்தில்கூடப் பயந்த பயம். அது இதோ வந்துவிட்டது. உடம்பில் தடிப்பு இருக்கிறதா, மூச்சு இழுக்கிறதா, உதடு வீங்கியிருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. பயத்துக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் அப்புறம் கண் தேவைப்படுவதில்லை.

ஒவ்வாமைக்கு முதலில் போட வேண்டியது அட்ரினலின். அது எனக்குத் தெரியும். அவசரப் பெட்டியில் ஒரே ஒரு ஆம்பூல் இருந்தது. இன்னொன்று வாங்கிவைக்கச் சொல்லி ஜெசிந்தா பல தடவை நினைவுபடுத்தியிருந்தார். அந்த ஒன்றை எடுத்தேன். அவசரத்தில் அது கை நழுவித் தரையில் விழுந்து நொறுங்கியது. ஒரு கணம் குனிந்து அந்த ஈரத்தை ஊசியால் உறிஞ்சலாமா என்றுகூட யோசித்தேன். பட்டம் வாங்கியவன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

"சார், அடுத்த மருந்து" என்றார் ஜெசிந்தா, குரல் உயர்த்தாமல்.

அடுத்தது ஹைட்ரோகார்ட்டிசோன். தூளைத் தண்ணீரில் கலக்கி நரம்பில் போட வேண்டும். கலக்கியதும் ஜெசிந்தா, நரம்பைக் கண்டுபிடித்ததும் ஜெசிந்தா. ஊசியைத் தள்ளியது மட்டும் நான்.

அதற்குள் தவமணி தெருவில் போன ஆட்டோவை மறித்துவிட்டார். ஆளைத் தூக்கி ஏற்றும்போது ஆட்டோக்காரர் சாதாரணமாகக் கேட்டார்: "சரக்கா சார்?" நம்ம ஊரில் பட்டப்பகலில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனால் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள்.

"இல்லப்பா. பல்லு" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், சரக்கு என்றே சொல்லியிருக்கலாம் என்று பட்டது.

ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பணியில் இருந்தவர் ஒரு பெண் மருத்துவர். என்னைவிடப் பல வருஷம் இளையவர். நான் ஒரு கையில் மட்டும் கையுறையோடு ஓடிப்போய், "ஒவ்வாமை, மருந்து ஒவ்வாமை" என்று நாலு தடவை சொன்னேன். சரிங்க சார், சரிங்க சார் என்று கேட்டுக்கொண்டே அவர் தன் வேலையைப் பார்த்தார். ரெண்டு கையிலும் சலைன் ஓடியது. சர்க்கரையும் குறைந்திருக்கிறது என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் மதியழகன் கண் திறந்து, பிடுங்கிய பல் எங்கே என்று கேட்டார்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் வெட்கத்தோடு கேளுங்கள். வெட்கம் என்னுடையது, உங்களுக்குக் கடன் தருகிறேன். அன்று சாயங்காலம் நான் பெரிய ஆளாகிவிட்டேன். நோயை அந்த நிமிஷமே கண்டுபிடித்து ஊசி போட்டுக் காப்பாற்றிய டாக்டர் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. ஒவ்வாமை வந்தால் பதறக் கூடாது என்று ஒரு ஆளுக்கு விளக்கம்கூடக் கொடுத்தேன். கட்டைவிரல் விஷயத்தைச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில், என் புகழ் எப்படி இருக்கிறது என்று பார்க்க வார்டுக்குப் போனேன். மதியழகன் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தவமணி வீட்டிலிருந்து கஞ்சியும் சுட்ட கருவாடும் கொண்டுவந்திருந்தார். சட்டை மாற்றியாகிவிட்டது. வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள் என்ற நினைப்பு அவருக்கு. கீழே பைக்கில் படகு முதலாளியின் ஆட்கள் ரெண்டு பேர் காத்திருந்தார்கள். மறுநாள் விடியும்போது கடல் திறக்கிறது.

"மொத மீன்பாட்டுல நல்ல மீனு உங்களுக்குத்தாங்க" என்றார் மதியழகன். "நீங்க குடுத்த உசுரு."

சொல்லிக்கொண்டே, ஒரு பொட்டலத்தைப் பிரித்து உப்பை எடுத்துக் கருவாட்டின் மேல் தூவினார்.

"என்ன தலைவரே, கருவாட்டுக்கு உப்பா?" என்று சிரித்தேன்.

"அத ஏங்க கேக்கறீங்க" என்றார் தவமணி. "தடைக்காலம் பூரா இப்படித்தான். ஊறுகாயத் தண்ணி மாதிரி குடிக்கிறாரு. இன்னொரு கூத்தும் பாருங்க. மத்த ஆம்பளைங்க எல்லாம் கடலுக்குப் போவாம வீட்ல கெடந்து கொஞ்சம் வெளுத்திருக்காங்க. வருசா வருசம் அப்படித்தான். இவரு மட்டும் வீட்லயே படுத்துக் கெடந்து கறுத்திருக்காரு. வெயில்ல போனாக்கூட ஒத்துக்கலாம். கொல்லைக்குக்கூடப் போவல."

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சிரிப்பு முகத்தில் அப்படியே நிற்க, உள்ளே ஏதோ ஒன்று கழன்று விழுந்தது.

அவர் கடலுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. என்னிடம் முதலில் வந்த அன்றே கடல் அடைத்துத்தான் இருந்தது. அப்படியானால் எச்சிலில் எந்தக் கடலின் உப்பு? தோல் கறுத்ததற்கு எந்த வெயில்? சரி, தோலையாவது விடுங்கள். கன்னத்தின் உள்பக்கம் நான் பார்த்தேனே அந்தக் கறுப்பு, வாய்க்குள் வெயில் எப்படிப் போகும்?

எனக்கு நோயின் பெயர் தெரியவில்லை. படித்திருந்தேன், பரிட்சையும் எழுதியிருந்தேன், ஆனால் வாயில் வரவில்லை. தெரிந்தது ஒன்றுதான். ஒவ்வாமை என்று நான் சொன்னதில் இது எதுவும் அடங்காது. நான் சொன்னது தப்பென்றால் இந்த மனிதருக்கு வந்தது இன்னும் போகவில்லை. நாளைக்கு இவர் கரையே தெரியாத தூரத்தில் சுக்கான் பிடித்து நிற்பார்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பட்டினச்சேரி முழுக்க என் பெயர் பரவிக்கொண்டிருக்கிறது. இப்போது போய், நேற்று நான் சொன்னது தப்பு, சரியானது என்ன என்றும் தெரியாது என்று எந்த முகத்தோடு சொல்வது? நீங்கள் பதற்றத்தில் எடுக்கிற முடிவுகளைப் பற்றித்தான் எல்லோரும் எச்சரிப்பார்கள். நான் எச்சரிப்பது, பதற்றம் தீர்ந்து நாலு பேர் கைகுலுக்கிய பிறகு எடுக்க வேண்டிய முடிவைப் பற்றி. அது அதைவிடக் கஷ்டம்.

டாக்டரம்மாவை வராந்தாவில் பிடித்தேன்.

"நேத்து நான் ஒவ்வாமைன்னு சொன்னேன்ல, அத மறந்துடுங்க."

"ஏன் சார்? ஆளுதான் நல்லாயிட்டாரே."

"அதாங்க பயமா இருக்கு."

அவர் நின்றார். "உடம்புல தடிப்பு இருந்துச்சா?"

"பாக்கல."

"மூச்சு இழுத்துச்சா? மொகம் வீங்கிச்சா?"

"இல்ல. வீங்கியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அப்புறம் எப்படி சார் ஒவ்வாமைன்னு சொன்னீங்க?"

"எனக்குத் தெரிஞ்ச பயம் அது ஒண்ணுதாங்க."

அவர் சிரிக்கவில்லை என்பதற்காக இன்றுவரை அவர்மேல் எனக்கு மரியாதை. கருவாட்டைச் சொன்னேன். தடைக்காலத்தில் கறுத்ததைச் சொன்னேன். கன்னத்தின் உள்ளே பார்த்த திட்டுகளைச் சொன்னேன். கடைசியில் எச்சில் கரிப்பதையும் சொன்னேன்.

"எச்சி கரிக்குதுன்னு அவரா சொன்னாரு?"

"அவரு சம்சாரம்."

"அவங்களுக்கு எப்படி..." என்று ஆரம்பித்தவர், நிறுத்திக்கொண்டார்.

"நானும் அத்தோட நிறுத்திட்டேங்க" என்றேன்.

அவர் வார்டுக்கு வந்து மதியழகனின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளங்கையை விரிக்கச் சொன்னார். ரேகைகள் பேனாவால் வரைந்ததுபோலக் கறுப்பாக இருந்தன. படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லித் திரும்பப் பார்த்தார். நின்றதும் அது படியில் உருள்வதுபோல இறங்கியது. சோடியமும் பொட்டாசியமும் பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார். சோடியம் கீழே கிடந்தது. பொட்டாசியம் மேலே ஏறியிருந்தது.

அப்புறம் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, நான் பரிட்சையில் எழுதிப் பாஸான விஷயத்தை எனக்கே சொல்லிக் கொடுத்தார்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். எனக்கு இல்லை, அதனால் சொல்கிறேன். எச்சில் சுரப்பியின் ஆழத்தில், திராட்சைக் கொத்தைப்போல இருக்கும் சின்னச் சின்னப் பைகளில் எச்சில் முதலில் ஊறுகிறது. ஊறும்போது அது ஏறக்குறைய ரத்தத்தின் தண்ணீர்தான். ரத்தத்தில் இருக்கிற அளவுக்கே உப்பு. அங்கிருந்து வாய்க்கு வர அது மெல்லிய நாளங்களைக் கடக்க வேண்டும். அந்த நாளத்தின் சுவரில் இருக்கிற செல்கள், ஓடுகிற எச்சிலிலிருந்து சோடியத்தைப் பொறுக்கி எடுத்து ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. பொட்டாசியத்தைக் கொஞ்சம் வெளியே விடுகின்றன. தண்ணீரைப் பின்னாலேயே போக விடுவதில்லை. வாய்க்கு வந்து சேரும்போது உப்பே தெரியாத நீர். அதனால்தான் நாக்குக்குக் குழம்பில் உப்பு தெரிகிறது.

நம் பக்கத்து வாய்க்கால்களை நீங்கள் அறிவீர்கள். கடல் தண்ணீர் ஏறாமல் இருக்க ஷட்டரை இறக்குகிறோம். அதற்குமேல் நம்மால் முடிந்தது ஒன்றுமில்லை. சுனாமி வயலில் விட்டுப்போன உப்பு கரைந்து இறங்க, மழைமழையாகக் காத்திருந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். ஓடுகிற தண்ணீரிலிருந்து உப்பை மட்டும் பிரித்தெடுத்து, நல்ல தண்ணீரைக் கடைமடைக்கு அனுப்புகிற ஒரு வாய்க்கால் இருந்தால் அதற்குக் கோயில் கட்டியிருப்போம். அது நம் ஒவ்வொருவர் கன்னத்துக்குள்ளும் இருக்கிறது. காலையிலிருந்து ராத்திரி வரை நான் டார்ச் அடித்துப் பார்த்தது அதன் வாசலைத்தான். ஒருநாளும் எட்டிப் பார்த்து, யார் உள்ளே என்று கேட்டதில்லை.

உப்பை எவ்வளவு எடுக்க வேண்டும் என்று அந்த நாளத்துக்குச் சொல்வது யார்? எங்கோ கீழே, சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்ததுபோல உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி. அது விடுகிற ஒரு ஹார்மோன், பெயர் ஆல்டோஸ்டிரோன், ரத்தத்தில் வந்து சொல்கிறது. ஒரு நாளைக்கு மொத்தமாக அது சுரப்பது ஊசி முனையில் ஒட்டினாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு. அந்தத் துளிக்குச் சிறுநீரகம் கேட்கிறது, குடல் கேட்கிறது, வேர்வை கேட்கிறது, எச்சிலும் கேட்கிறது. உப்பை விடாதே, உள்ளே வை. நாம் தூவென்று துப்பிவிடுகிற ஒன்றிலிருந்துகூட, துப்புவதற்குள் உப்பைத் திருப்பி எடுத்துவிடுகிறது உடம்பு. இவ்வளவு சிக்கனமான குடும்பத்தை நான் கண்டதில்லை.

மதியழகனுக்கு அந்தக் குரல் நின்றுபோயிருந்தது. யாரும் சொல்லாததால் நாளம் உப்பை எடுக்கவில்லை. சிறுநீரகமும் எடுக்கவில்லை. உப்பு எல்லா வழியிலும் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைத்தான் அவர் கருவாட்டின் மேல் தூவி ஈடுகட்டப் பார்த்தார். மூளையோ, தூங்குகிற சுரப்பியை எழுப்ப ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கூப்பாடு தோலுக்கும் கேட்கும். கேட்டால் தோல் கறுக்கும், வெயிலே படாத இடத்திலும். ஒவ்வொரு வருஷமும் கடலில் கறுக்கிற மனிதர் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தடைக்காலம் ஒன்று வந்து அவரை வீட்டில் உட்காரவைத்ததால்தான் தெரிந்தது.

இதையெல்லாம் சுருக்கி அவரிடம் சொன்னபோது மதியழகனுக்குக் கோபம் வந்தது.

"ஒடம்புல உப்பு இல்லயா? என்னங்க சொல்றீங்க? உப்புலயே பொறந்து உப்புலயே கெடக்கறவன்கிட்ட வந்து."

"கடல்ல வெச்சு ஒரு காய்ச்சல் வந்தா, ரெண்டு தடவை வாந்தி எடுத்தா, நேத்து மாதிரிதான் ஆவும்" என்றார் டாக்டரம்மா. "நேத்து பக்கத்துல ஆஸ்பத்திரி இருந்துச்சு."

"எத்தனை நாளு இங்க கெடக்கணும்?"

"மருந்து புடிபடற வரைக்கும். அதுக்கப்புறம் தெனமும் மாத்திரை. நிறுத்தவே கூடாது."

"அதுக்குள்ள வேற டிரைவரு வந்துடுவான்" என்றார் அவர். டாக்டரம்மாவிடம் இல்லை, என்னிடம். பல்லைப் பிடுங்கியவன் நான்தானே.

எனக்கு வாயில் ஒரு நகைச்சுவைகூட வரவில்லை. தவமணி எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே பைக்கில் நின்ற ஆட்களைக் கூப்பிட்டார்.

"தம்பி, வேற ஆளப் போட்டுக்கச் சொல்லு மொதலாளிய. இவரு வரல."

"என்னக்கா, ஒரு பல்லு புடுங்கினதுக்கா?" என்று கீழிருந்து ஒருவன் சிரித்தான்.

"ஆமா, பல்லு புடுங்கினதுக்குத்தான். போயிச் சொல்லு."

திரும்பி வந்து, புருஷன் மடியில் இருந்த உப்புப் பொட்டலத்தை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மதியழகன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் படகுகள் இறங்கின. அவருடைய படகு வேறொருவர் கையில் போனது. அந்தப் பருவத்தில் அவருக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்கவில்லை. வெளியூருக்கு அனுப்பிப் பரிசோதித்ததில், பழைய காசநோய் ஒன்று அட்ரினல் சுரப்பிகளை அரித்துத் தின்றிருந்தது உறுதியானது. அதற்கும் வைத்தியம் ஆரம்பித்தார்கள். மழைக்காலம் முடிந்து வேறொரு முதலாளியின் படகில் சுக்கான் பிடித்தார். மாத்திரையைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அரைஞாணில் கட்டிக்கொண்டு போவார் என்று கேள்விப்பட்டேன்.

அதன்பிறகு ஒருநாள் தவமணி க்ளினிக்குக்கு வந்தார். ஒரு பை நிறைய சங்கரா மீனை ஜெசிந்தாவிடம் கொடுத்தார். எனக்கு இல்லையா என்று கேட்டேன். நரம்பைக் கண்டுபிடிச்சது அவங்கதானாமே என்றார். கட்டைவிரல் விஷயமும் பட்டினச்சேரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"அவரு எப்படி இருக்காரு?"

"நல்லாருக்காருங்க. சோறு எறங்குது. கருவாட்ட வெறுமனே திங்கிறாரு." வாசல்வரை போனவர் நின்று, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி சொன்னார்: "எச்சியும் இப்பக் கரிக்கலங்க."

பொட்டுக்கடலையைவிடச் சின்னதான ஒரு மாத்திரை வயிற்றுக்குள் போய்க் கரைந்து, ரத்தத்தில் கலந்து, கன்னத்துக்குள் இருக்கிற அந்த நாளத்தைத் தேடிப் பிடித்து, உப்பை எடு என்று சொல்லியிருக்கிறது. நாளமும் கேட்டிருக்கிறது. எந்த ஆய்வுக்கூடத்திலும் பார்க்காமல் அதை எனக்கு உறுதிசெய்தவர் தவமணி. அவர் போன பிறகு நான் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து, மேல் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே கன்னத்தில் இருக்கிற அந்தச் சின்னத் துளையை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு துளி மெதுவாக ஊறி நின்றது. நாக்கால் தொட்டுப் பார்த்தேன். உப்பே இல்லை. ஜெசிந்தா கதவைத் தட்டி, அடுத்த ஆள் ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல வேண்டியிருந்தது.

மீதி ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அன்று டாக்டரம்மா கடைசியாக என்னிடம் கேட்டார், "நேத்து க்ளினிக்ல என்ன ஊசி சார் போட்டீங்க?"

அட்ரினலின் உடைந்ததைச் சொன்னேன். அதனால் பெட்டியில் அடுத்து இருந்த ஹைட்ரோகார்ட்டிசோனைப் போட்டேன் என்றேன்.  அதற்கு அவர் சொன்னது இது.

மதியழகனுக்கு ஒவ்வாமை இல்லை. அட்ரினல் சுரப்பி வேலையை நிறுத்தியிருந்தது. பல் பிடுங்கிய அதிர்ச்சியை அவர் உடம்பால் தாங்க முடியவில்லை. நான் வேறு எதற்கோ என்று நினைத்துப் போட்ட மருந்து, அதிர்ச்சியைத் தாங்குவதற்காக அதே சுரப்பி தயாரிக்க வேண்டிய இன்னொரு ஹார்மோனேதான். அதனால் அவர் பிழைத்தார்.